பிக்கை எந்தப் பக்கம் சாய்ப்பது?

சென்ற இதழில் ஆல்டர்நேட் பிக்கிங் (கிட்டார் தந்தியை பிக் என்ற சிறு தகட்டால் கீழும் மேலுமாக மாறி மாறி மீட்டுவது) பற்றி எழுதும்போது, 'பிக்கைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் வேகம் கூடும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். எந்தப் பக்கம், எவ்வளவு, ஏன் என்று கேட்டு வந்த கடிதங்களே இந்த மாதக் கேள்வி-பதில் பக்கங்களை நிரப்பிவிட்டன. அந்த வரியே அரைகுறையானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். பதில்களில் வலம், இடம் என்று எழுதாமல் தரைப் பக்கம், கூரைப் பக்கம், நெக் (கிட்டாரின் கழுத்து) பக்கம், பிரிட்ஜ் (தந்திகள் உடல்பகுதியில் முடியும் கட்டை) பக்கம் என்று எழுதியிருக்கிறோம். ஆகவே இடக்கைக்காரர்கள் எதையும் மனதுக்குள் புரட்டிப் படிக்க வேண்டாம்.

கேள்வி: என் ஆசிரியர் பிக்கைத் 'திருப்பு' என்கிறார். வீடியோக்களில் 'சாய்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?
– வாசகர், ஈரோடு

இரண்டும் வேறு. இந்த மாதம் வந்த குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

பிக்கின் தட்டை முகம் தந்திக்கு இணையாக இருக்கும்படி, முனை கிட்டாரின் பலகையை நேராகக் குத்துவது போலப் பிடியுங்கள். இதுதான் பூஜ்ஜிய நிலை. இனி முனையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, பூட்டில் சாவியைத் திருப்புவது போல பிக்கைத் திருப்புங்கள். தட்டை முகத்துக்குப் பதில் விளிம்பு தந்தியைச் சந்திக்கும். உங்கள் ஆசிரியர் சொல்வது இதை. விளிம்புக் கோணம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோரின் பிடியில் நெக் பக்க விளிம்பு தரையை நோக்கி இறங்கியிருக்கும். முன்கை மேலிருந்து குறுக்காக வருவதால் கட்டைவிரல் இயல்பாகவே அந்தத் திசையில் நீள்கிறது, பிக்கும் அதோடு திரும்பிவிடுகிறது.

மறுபடி பூஜ்ஜிய நிலைக்கு வாருங்கள். இம்முறை திருப்பாமல், முனை நின்ற இடத்திலேயே நிற்க, நீங்கள் பிடித்திருக்கும் மேல்பகுதியைத் தரைப் பக்கமோ கூரைப் பக்கமோ படுக்க வையுங்கள், காற்றுக்குத் தென்னை சாய்வது போல. வீடியோக்காரர்கள் சொல்வது இந்தச் சாய்வை.

திருப்பம், தந்தி பிக்கை விட்டு எவ்வளவு வழுக்கிக்கொண்டு விலகும் என்பதையும் ஒலியின் நிறத்தையும் தீர்மானிக்கிறது. சாய்வு, ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குப் போகும் வழியோடு தொடர்புடையது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்த்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரம் திருப்பம், அடுத்த வாரம் சாய்வு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பிக்கின் முனை நெக்கை நோக்கியோ பிரிட்ஜை நோக்கியோ சரிந்திருப்பது. இதனால் வேகத்தில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் வராது. விட்டுவிடலாம்.

கேள்வி: விளிம்புக் கோணம் எத்தனை டிகிரி வைக்க வேண்டும்? அதிகம் திருப்பினால் தடித்த தந்திகளில் 'சர் சர்' என்று சத்தம் வருகிறது.
– வாசகர், திருச்சி

கத்தியைக் காய்மேல் நேராக வைத்து அழுத்துவதற்கும், இழுத்து அறுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தட்டையாக மோதும் பிக்கை, தந்தி முழு முகத்தாலும் எதிர்க்கிறது. பிக் வளைய வேண்டும், அல்லது உங்கள் விரல் விட்டுக்கொடுக்க வேண்டும். விளிம்பால் மோதும்போது தந்தி அந்தச் சரிவில் வழுக்கி விலகிவிடுகிறது. ஒரு முறை மீட்டுவதில் இது பெரிய விஷயமில்லை. 150 வேகத்தில் (நிமிடத்துக்கு 150 தாளத் தட்டு) பதினாறாம் பங்கு ஸ்வரங்கள், அதாவது தட்டுக்கு நான்கு, என்றால் நொடிக்கு 10 அடி (மீட்டல்), 180 என்றால் 12 அடி. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் எதிர்ப்புக் குறைந்தால் கை தளர்ந்தே இருக்கும்.

ஆனால் விலை உண்டு. திருப்பம் கூடக்கூட அடியின் கூர்மையும் ஒலியின் பளிச்சென்ற தன்மையும் குறையும். சுருள் சுற்றிய 4, 5, 6-ஆம் தந்திகளில் விளிம்பு அந்தச் சுற்றுகளின் மேல் அரம் போல ஓடும். நீங்கள் கேட்கும் 'சர்' அதுதான். கணக்கு ஏறத்தாழ இப்படி: 0 முதல் 10 டிகிரி வரை அடி கெட்டியாகவும் 'டக்' என்றும் விழும், மெதுவான ரிதம் வேலைக்கு நல்லது. 20 முதல் 30 வரை தெளிவும் வழுக்கலும் சேர்ந்திருக்கும், பெரும்பாலானோருக்கு இது போதும். 45-ஐ நெருங்கினால் மிக மென்மையாக ஓடும், ஆனால் தடித்த தந்திகளில் உரசல் தொடங்கும். அதற்கும் மேலே போனால் ஸ்வரத்தைவிட உரசல்தான் கேட்கும்.

ஆம்ப்பில் கெயின் (ஒலியை முறுக்கேற்றும் அளவு) ஏற்றி வாசிப்பவர்களுக்கு உரசல் அவ்வளவாகத் தெரியாது. அதே கையோடு அக்கூஸ்டிக் கிட்டாருக்கு வந்தால் உடனே அம்பலமாகிவிடும். உங்கள் கிட்டார் எது என்று நீங்கள் எழுதவில்லை. அக்கூஸ்டிக் என்றால் 20 டிகிரியில் தொடங்குங்கள். இன்னொரு வழி, பாட்டின் நடுவிலேயே கோணத்தை மாற்றுவது. மெல்லிய தந்திகளில் திருப்பத்தைக் கூட்டி, தடித்த தந்திகளுக்கு வரும்போது கட்டைவிரலை இம்மியளவு மடக்கிக் குறைத்துக்கொள்ளலாம். கை பழகிவிட்டால் இதைத் தனியாக யோசிக்க வேண்டியிருக்காது.

அளப்பது எப்படி என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஃபோனை கிட்டார் பலகைக்கு நேர் எதிரே வைத்து, தந்தியின்மேல் பிக்கை நிறுத்திப் படமெடுங்கள். தந்தியின் கோட்டுக்கும் பிக்கின் கோட்டுக்கும் இடையே உள்ளதுதான் கோணம். கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே 30 டிகிரி. அந்தக் கண்ணளவு போதும்.

கேள்வி: ஒரே தந்தியில் 150 வேகம் வரை வாசிக்கிறேன். தந்தி மாறினால் 110-இலேயே தடுமாறுகிறது. பிக் நடுவில் எங்கோ மாட்டுகிறது. மூன்று மாதமாக மெட்ரோனோம் வைத்தும் முன்னேற்றம் இல்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

மெட்ரோனோமால் (தாளம் தட்டும் கருவியால்) தீராத சிக்கல் இது. ஒரே தந்தியில் 150 வருகிறது என்றால் உங்கள் கைக்கு வேகம் இருக்கிறது. பிக் தந்திகளுக்கு நடுவே சிறைப்பட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வேகமாக மீட்டும் கை பலகைக்கு மிகச் சரியாக இணையாக ஓடுவது அபூர்வம். அதன் பாதை சற்றே சாய்ந்திருக்கும். ஒரு பக்க அடியில் பிக் தந்திகளின் மட்டத்துக்கு மேலே எழுந்து வெளியே வரும். மறுபக்க அடியில் உள்ளே புதைந்து அடுத்த தந்திக்கு அருகில் போய் நிற்கும். வெளியே வந்த பிக் எந்தத் தந்திக்கும் தாண்டலாம். புதைந்த பிக் தாண்ட வேண்டுமென்றால் பக்கத்துத் தந்தியை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது மணிக்கட்டை ஒரு தூக்குத் தூக்கிச் சமாளித்துவிடுவீர்கள். 110-இல் நொடிக்கு ஏழு அடிக்கு மேல் வருகிறது, தூக்க நேரமில்லை. அமெரிக்க கிட்டார் கலைஞர் ட்ராய் கிரேடி, கிட்டாரிலேயே கேமராவைப் பொருத்திப் பல வித்வான்களின் கையைப் படமெடுத்து விரிவாக விளக்கியது இதைத்தான்.

உங்கள் கை எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஃபோனை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு அருகே, தந்திகளின் வழியாகவே மீட்டும் கையைப் பார்க்கும்படி வையுங்கள். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 படங்கள் என்று அமைத்துக்கொள்ளுங்கள். 150 வேகத்தில் ஓர் அடிக்கு 24 படங்கள் கிடைக்கும், அது தாராளம். மூன்றாவது தந்தியில் ஏதாவது ஒரு ஸ்வரத்தை யோசிக்காமல் உங்களால் முடிந்த வேகத்தில் பத்து நொடி மீட்டுங்கள். பிக் வெளியே எழுவது அப் ஸ்ட்ரோக்கிலா (கூரைப் பக்க அடி) டவுன் ஸ்ட்ரோக்கிலா (தரைப் பக்க அடி) என்று பாருங்கள். மெதுவாக மீட்டிப் படமெடுத்தால் பயனில்லை, மெதுவான கை பொய் சொல்லும்.

அப் ஸ்ட்ரோக்கில் வெளியே வந்தால், பிக்கின் மேல்பகுதி தரைப் பக்கம் சாய்ந்திருப்பது உங்களுக்குப் பொருந்தும். முன்கை கொஞ்சம் திரும்பி, உள்ளங்கை சற்றே கூரையைப் பார்த்திருக்கும். டவுன் ஸ்ட்ரோக்கில் வெளியே வந்தால் எதிர்மாறு: மேல்பகுதி கூரைப் பக்கம் சாயும், உள்ளங்கை பலகையை நோக்கிக் கவிழ்ந்திருக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியே இல்லை. கிட்டார் வித்வான்களில் இங்வே மால்ம்ஸ்டீனும் எரிக் ஜான்சனும் முதல் வகை, அல் டி மியோலா இரண்டாம் வகை.

இனி கணக்கு. நமக்கு இது ஜதியிலேயே இருக்கிறது. முதல் வகைக் கைக்குத் தந்தியை விட்டுக் கிளம்பும் கடைசி அடி அப் ஸ்ட்ரோக்காக இருக்க வேண்டும். டவுன் ஸ்ட்ரோக்கில் தொடங்கி 'தகதிமி' என்று நான்கு ஸ்வரம் வாசித்தால் 'மி' அப் ஸ்ட்ரோக்கில் விழும், கதவு திறந்திருக்கும். 'தகிட' என்று மூன்று வாசித்தால் 'ட' டவுன் ஸ்ட்ரோக்கில் விழும், பிக் உள்ளே புதைந்திருக்கும். இரட்டைப்படை போகும், ஒற்றைப்படை மாட்டும். கண்டத்தின் ஐந்துக்கும் மிஸ்ரத்தின் ஏழுக்கும் தகிடவின் கதிதான். நீங்கள் பயிற்சி செய்வது தந்திக்கு மூன்று ஸ்வரம் வரும் மேஜர் ஸ்கேலாக இருக்கும் என்று ஊகிக்கிறோம். எல்லோரும் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள், எல்லோரும் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

முதல் வகைக்கான பயிற்சி (எண்கள் ஃப்ரெட்டைக் குறிக்கும்): இரண்டாம் தந்தியில் 5-6-8-6, முதல் தந்தியில் 5-7-8-7. டவுனில் தொடங்கி ஆல்டர்நேட்டாகவே வாசித்துத் திரும்பத் திரும்பச் சுற்றுங்கள். ஒவ்வொரு தந்தி மாற்றமும் அப் ஸ்ட்ரோக்குக்குப் பிறகே வரும். இரண்டாம் வகையினர் இதையே அப் ஸ்ட்ரோக்கில் தொடங்க வேண்டும். 60-இல் தொடங்கி ஐந்து ஐந்தாக ஏற்றும் வழக்கம் இங்கே வேண்டாம். நேராக 130-இல் வைத்து நான்கு அடி வாசித்து நிறுத்துங்கள், பிறகு எட்டு, பிறகு பதினாறு. ஒரு தந்தியில் இருந்த அந்தத் தளர்வு தந்தி மாறும்போதும் அப்படியே இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். ஸ்வரம் ஒன்றிரண்டு தவறினாலும் இப்போதைக்குப் பரவாயில்லை.

அது அமைந்த பிறகு, முதல் வகையினருக்கு 'தகிட'. மூன்றாம் தந்தியில் 4-5-7, இரண்டாம் தந்தியில் 5-6-8, முதல் தந்தியில் 5-7-8. ஆரோகணத்தில் ஒவ்வொரு தந்திக்கும் டவுன்-அப்-டவுன். மூன்றாவது டவுன் ஸ்ட்ரோக் புதைந்து அடுத்த தந்தியின் மேல் சாய்ந்து நிற்கும். அதை எடுக்காமல் அப்படியே தள்ளினால் அடுத்த தந்தியின் முதல் ஸ்வரம் வந்துவிடும். இரண்டு ஸ்வரத்துக்கு ஒரே தள்ளல். அவரோகணத்தில் இந்தத் தந்திரம் செல்லாது. அங்கே முதல் தந்தியில் 8-ஐ டவுன், 7-ஐ அப், 5-ஐ மீட்டாமல் புல்-ஆஃப், அதாவது ஃப்ரெட் பிடிக்கும் கையின் விரலைத் தந்தியிலிருந்து இழுத்தெடுத்து ஒலிக்கச் செய்வது. கடைசியாக மீட்டியது அப் ஸ்ட்ரோக் என்பதால் பிக் ஏற்கெனவே வெளியே நிற்கிறது. மால்ம்ஸ்டீனின் வாசிப்பில் ஏறும்போது தள்ளலும் இறங்கும்போது புல்-ஆஃபும் வருவது இந்தக் காரணத்தால்தான்.

இரண்டு பக்க அடியிலும் வெளியே வரும் பிறை வடிவப் பாதையும் உண்டு. கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மோர்ஸ் ஆர்பெஜியோக்களை (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) தந்திக்கு ஒரே ஸ்வரமாக ஆல்டர்நேட்டில் வாசிப்பது அப்படிப்பட்ட கையால்தான் முடிகிறது. அது அடுத்த கட்டம். முதலில் ஒரு பக்கக் கதவு சரியாகத் திறக்கட்டும்.

கேள்வி: டவுன் ஸ்ட்ரோக் வழுக்கிக்கொண்டு போகிறது, அப் ஸ்ட்ரோக் மட்டும் கொக்கி போட்ட மாதிரி மாட்டுகிறது. கோணத்தில் என்ன தவறு?
– வாசகர், யாழ்ப்பாணம்

நீங்களே கொக்கி என்று எழுதிவிட்டீர்கள், அதுதான் விடை. பிக்கின் மேல்பகுதி தரைப் பக்கம் சாய்ந்தால் முனை கூரைப் பக்கம் பார்க்கும். கை மட்டும் பலகைக்கு இணையாக நேராக ஓடுகிறது. டவுனில் முனை பின்னால் இழுபட்டு வருவதால் தந்தியின் மேல் வழுக்கும். அப்பில் முனை முன்னால் போய்த் தந்தியின் அடியில் நுழைந்து கோத்துக்கொள்ளும். சாய்வு ஒரு பக்கம், பாதை வேறு பக்கம்.

சரியான சாய்வு என்றால், பிக் தன் பாதைக்குச் செங்குத்தாக நிற்பது. அப்போது இரண்டு அடிக்கும் ஒரே எதிர்ப்பு. எனவே இரண்டு வழி இருக்கிறது. கையின் பாதையை மாற்ற விருப்பமில்லை என்றால் சாய்வைக் குறைத்து பிக்கை நிமிர்த்துங்கள். சாய்வு வேண்டும் என்றால் அப் ஸ்ட்ரோக்கில் கை பலகையை விட்டுச் சற்று விலகி மேலே எழும்படி பாதையையும் சாயுங்கள். வீடியோவைப் பார்த்து பிக்கை மட்டும் சாய்த்து, கையைப் பழைய வழியிலேயே ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இந்தக் கொக்கி வரும். சாய்வால் பிக் தானாக வெளியே வந்துவிடாது, கை ஓடும் பாதைதான் அதை வெளியே கொண்டுவரும்.

இதோடு ஆழத்தையும் பாருங்கள். தந்திக்குக் கீழே முனை 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போனால் போதும். 3 மில்லிமீட்டர் போனால் எந்தக் கோணமும் காப்பாற்றாது. சரியாகிவிட்டதா என்று தெரிய, ஃபோனில் பதிவுசெய்து ஒலி அலையின் படத்தைப் பாருங்கள். சிகரங்கள் ஒன்று உயரம் ஒன்று குட்டை என்று மாறி மாறி வந்தால் இன்னும் ஆகவில்லை.

கேள்வி: வேகத்துக்கு எந்த பிக் வாங்கலாம்? காலாவதியான ஏடிஎம் அட்டையை வெட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், வேலூர்

வெட்டலாம். வங்கி அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். கடையில் மீடியம் என்று விற்கும் பிக்கின் தடிமன் கிட்டத்தட்ட அதுதான். ரிதம் வாசிக்கப் போதும். ஆனால் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும், சீக்கிரம் தேயும்.

வேகத்துக்கு வளையாத பிக் வேண்டும். மெல்லிய பிக் முதலில் வளைந்து, பிறகுதான் தந்தியை விடும். அந்த வளைவு ஒவ்வொரு முறையும் நீங்கள் வைத்த கோணத்தையும் மாற்றிவிடும். 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எடுங்கள். டன்லப் ஜாஸ் த்ரீ 1.38 மில்லிமீட்டர், அளவிலும் சிறியது, முனை கூர்மை. கூர்மையான முனைக்குக் குறைந்த திருப்பமே போதும். உருண்டையான முனை தானாகவே வழுக்கும், ஆனால் அதை அதிகம் திருப்பினால் ஒலி மங்கிவிடும். அதாவது ஒருவர் சொல்லும் டிகிரி அவர் பிக்கோடு சேர்ந்தது. பிக்கை மாற்றினால் கோணத்தையும் புதிதாகத் தேட வேண்டும்.

தேய்ந்த பிக்கைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள். தரையைப் பார்க்கும் முகத்தில் நெக் பக்க விளிம்பும், கூரையைப் பார்க்கும் முகத்தில் பிரிட்ஜ் பக்க விளிம்பும் சரிவாகத் தேய்ந்திருந்தால் உங்கள் விளிம்புக் கோணம் நிலையாக இருக்கிறது. முனை மட்டும் மழுங்கியிருந்தால் தட்டையாக அடிக்கிறீர்கள். நான்கு விளிம்பும் கன்னாபின்னாவென்று தேய்ந்திருந்தால் பிடி சுழல்கிறது. சிலர் இந்தச் சரிவைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். வலக்கை, இடக்கை என்று பிரித்து விளிம்பு செதுக்கி விற்கும் பிக்குகள் உண்டு. வீட்டிலும் செய்யலாம். ஹார்டுவேர் கடையில் 400, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர் ஒவ்வொரு தாள் வாங்கி, உங்கள் கோணத்திலேயே அந்த இரண்டு விளிம்புகளையும் 400-இல் சரித்து, 1000-இல் கீறல் போக்கி, 2000-இல் வழவழப்பாக்குங்கள். கடைசியில் ஜீன்ஸ் துணியில் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்தால் பளபளக்கும். 400-ஓடு நிறுத்திவிட்டால் தடித்த தந்தியில் முன்பைவிட மோசமாக உரசும். செல்லுலாய்டு பிக்கைக் கையால் மட்டுமே தேயுங்கள், மெஷினில் கொடுக்க வேண்டாம். அது எளிதில் தீப்பற்றும் பொருள்.

கேள்வி: கோணத்தைச் சரியாக வைத்துத் தொடங்குகிறேன். அரை நிமிடத்தில் பிக் விரலுக்குள் சுழன்றுவிடுகிறது. வியர்வையும் காரணம்.
– வாசகர், சென்னை

சுழன்று எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பூஜ்ஜியத்தில் வைத்த பிக் 30 டிகிரிக்குச் சுழன்று அங்கேயே நிற்கிறதென்றால் அதுதான் உங்கள் கைக்குப் பொருந்திய கோணம். அதில் தொடங்கிவிடுங்கள், சண்டை தீர்ந்தது. தட்டையாக மோதும்போது எதிர்ப்பு அதிகம், அந்த எதிர்ப்பே பிக்கைத் திருப்புகிறது.

ஓரிடத்தில் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் பிடியில் கோளாறு. ஆள்காட்டி விரலின் நுனிச் சதையில் வைக்காமல், முதல் கணுவின் பக்கவாட்டில் பிக்கை வைத்து மேலே கட்டைவிரல் சதையைப் படுக்க வையுங்கள். வெளியே முனை 3 முதல் 5 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். வியர்வைக்கு, பிடிக்கும் இடத்தில் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து கீறல் போடுங்கள். அழுத்திப் பிடிப்பது மருந்தாகாது. அழுத்தம் மணிக்கட்டு வரை ஏறி வேகத்தைத்தான் முதலில் குறைக்கும்.

கேள்வி: ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் பிக்கைத் தலைகீழாகப் பிடிக்கிறாராமே?
– வாசகர், புதுச்சேரி

தலைகீழாக இல்லை, எதிர்த்திசையில் திருப்பி. கட்டைவிரல் பின்னால் வளைந்து கூரையை நோக்கி நிற்பதால் நெக் பக்க விளிம்பு மேலே போய், பிரிட்ஜ் பக்க விளிம்பு தரைப் பக்கம் இறங்கும். டவுன் ஸ்ட்ரோக்கில் தந்தியை முதலில் தொடுவது அந்த விளிம்பு. ஒலி உருண்டையாக, ஜாஸ் கிட்டாரின் தடித்த தந்திகளிலும் வழவழவென்று வரும். கட்டைவிரல் பின்னால் வளையும் அமைப்பு உள்ளவர்களுக்கு எளிது. வளையாத விரலை வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: ஜாங்கோ ரைன்ஹார்ட் பாணியில் வாசிக்க ஆசை. அங்கே பிக் கோணம் தனியா?
– வாசகர், சிங்கப்பூர்

கோணத்தைவிட ஒழுங்கு தனி. ஜிப்ஸி ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ (1910–1953) பற்றிப் பேசுபவர்கள் 1928-இல் வண்டி வீடு தீப்பற்றி இடக்கை விரல்கள் இரண்டு முடங்கியதைத்தான் சொல்வார்கள். அந்தப் பாணியின் பாதி ரகசியம் மீட்டும் கையில் இருக்கிறது. மணிக்கட்டை வளைத்துத் தூக்கி, உள்ளங்கையைப் பிரிட்ஜில் ஊன்றாமல், பிக்கின் மேல்பகுதியைத் தரைப் பக்கம் சாய்த்துக்கொள்கிறார்கள். டவுன் ஸ்ட்ரோக் ஒவ்வொன்றும் அடுத்த தந்தியில் இடித்து நிற்கும் ரெஸ்ட் ஸ்ட்ரோக். எந்தத் தந்திக்குப் புதிதாகப் போனாலும் முதல் அடி டவுன், முந்தைய அடியும் டவுனாக இருந்தாலும் கூட. மைக் இல்லாத காலத்து நடன அரங்கில் கேட்க வேண்டிய வாசிப்பு இது. பிக்குகளும் 2 மில்லிமீட்டரில் தொடங்கி 5 வரை போகும். மேலே கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்ன முதல் வகைக் கை உங்களுடையது என்றால் பாதி வேலை முடிந்தது. ஊன்றாத கை முதல் இரண்டு வாரம் குறி தவறும். முழங்கைக்குக் கீழே முன்கை கிட்டாரின் விளிம்பில் நன்றாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் ஒரே நங்கூரம்.

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிறேன். கமகத்தின் நடுவே பிக் ஒலி 'டிக்' என்று துருத்திக்கொண்டு கேட்கிறது. ஆனால் கல்பனாஸ்வரத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வேண்டும்.
– வாசகர், தஞ்சாவூர்

ஒரே கோணத்தில் இரண்டையும் எதிர்பார்க்காதீர்கள். கமகத்தில் ஒரு மீட்டலில் பல ஸ்வரம் பிறக்கிறது. அங்கே மீட்டல் ஒரு தொடக்கம் மட்டுமே, அது முன்னே வந்து நிற்கக் கூடாது. திருப்பத்தை 40 டிகிரி வரை கூட்டி, நெக் பக்கமாக நகர்ந்து, நெக் பிக்கப்பில் (நெக்குக்கு அருகே ஒலியை வாங்கும் காந்தப் பட்டை) வாசியுங்கள். பிக்கின் முனைக்குப் பதில் உருண்டையான தோள்பகுதியாலும் மீட்டிப் பார்க்கலாம். கல்பனாஸ்வரத்துக்கு வரும்போது 20 டிகிரிக்கு இறங்கி, ஓர் அங்குலம் பிரிட்ஜ் பக்கம் வாருங்கள். எழுத்து பிரிந்து விழும்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். திஸ்ர நடையில் ஆல்டர்நேட்டாகப் போனால் முதல் 'தகிட' டவுனில் தொடங்கும், இரண்டாவது அப்பில் தொடங்கும். அழுத்தம் விழ வேண்டிய 'த' ஒரு முறை கனமாகவும் ஒரு முறை நொண்டியாகவும் கேட்டால் சாய்வும் பாதையும் பொருந்தவில்லை என்று அர்த்தம். யாழ்ப்பாண வாசகருக்குச் சொன்ன திருத்தத்தைச் செய்யுங்கள். கேட்டுப் பழக மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை (1969–2014) விட நல்ல உதாரணம் கிடைக்காது. நான்கு ஜோடித் தந்திகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின் அவருடையது. ஜோடித் தந்தியில் பிக் இரண்டு முறை இடிக்கும், கமகத்தில் இரண்டையும் ஒன்றாக இழுப்பதும் சிரமம். எந்த ஸ்வரங்களை மீட்டுகிறார், எவற்றை விரல் நகர்த்தலுக்கு விட்டுவிடுகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே கேளுங்கள்.

கேள்வி: கார்டு ஸ்ட்ரம்மிங்குக்கும் இந்தக் கோணமெல்லாம் வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். 0.6 மில்லிமீட்டர் பிக், தளர்ந்த பிடி. டவுனில் முனை பின்தங்கிக் கூரையைப் பார்க்கும், அப்பில் பின்தங்கித் தரையைப் பார்க்கும். பெயின்ட் பிரஷ் போலத் தானே சாய்ந்துகொள்ளும். விடுங்கள்.

கேள்வி: கோணத்தை மாற்றிப் பழகத் தொடங்கியதிலிருந்து முழங்கைக்கு அருகே வலிக்கிறது. தொடரலாமா?
– வாசகர், மதுரை

வலியோடு வேண்டாம். இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். திரும்பும்போது பத்து நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் ஓய்வு. பெரும்பாலும் நடப்பது இதுதான்: பிக்கைச் சாய்க்க விரலையும் முன்கையையும் லேசாகத் திருப்பினால் போதும் என்றிருக்க, மணிக்கட்டை ஓரமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த முறுக்கிலேயே மீட்டுவது. முன்கையும் கையின் பின்புறமும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்கட்டும். கிட்டார் பட்டையை இரண்டு துளை ஏற்றிப் பாருங்கள். தாழ்ந்து தொங்கும் கிட்டாரில் மணிக்கட்டு வளையாமல் எந்தக் கோணமும் கிடைக்காது. விரல் மரத்துப்போனாலோ, ஓய்வெடுத்தும் ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.